பழைய பார வண்டிக்கு ஏற்ற பம்ப் ரப்பர்

தக்காளியை எவ்வளவு பக்குவமாகப் பறித்து அடுக்கினாலும், போகும் வழியில் வண்டி பள்ளத்தில் இறங்கி இரும்போடு இரும்பு மோதினால் அடிப்பெட்டிப் பழங்கள் நசுங்கிவிடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் உழவர் ஒருவர் தமது பழைய டாடா 407 வண்டியை என்னிடம் காட்டினார். பின்பக்கம் இரண்டு பம்ப் ரப்பர்களும் உதிர்ந்து, தகடு மட்டுமே மிஞ்சியிருந்தது. வில்பட்டை ஒன்று முறிந்து, சேஸிலும் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. சிறு செலவைத் தள்ளிப் போட்டதால் பட்டைக்கும் வெல்டிங்கிற்கும் பெரும் செலவு வந்தது. பழத்தில் ஏற்பட்ட நட்டம் தனி.

1986-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வகை வண்டிகள் இன்றும் கிராமங்களில் நன்றாக உழைக்கின்றன. பழைய வண்டி வைத்திருப்போர் இந்த ரப்பரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்து கொள்வது நலம்.

இதன் வேலை என்ன?

பாரத்தைத் தாங்குவது வில்பட்டை. ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். இவை இரண்டும் எல்லை வரை அமுங்கும்போது ஆக்சில் சேஸில் இடிக்காமல் தடுப்பதே பம்ப் ரப்பர். எப்போதாவது பெரும் பள்ளத்தில்தான் இது தொட வேண்டும். நல்ல சாலையிலும் தொட்டுக் கொண்டே இருந்தால் கோளாறு வேறிடத்தில் உள்ளது.

முதலில் அளவு எடுங்கள்

வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ரப்பருக்கும் ஆக்சிலில் அது இடிக்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து எழுதிக் கொள்ளுங்கள். வழக்கமான பாரத்தை ஏற்றிய பின் மீண்டும் அளக்கவும். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை தளர்ந்தோ முறிந்தோ இருக்கலாம். பட்டையைச் சரி செய்யாமல் ரப்பரை மட்டும் மாற்றினால் புது ரப்பரும் விரைவில் கெடும்.

உயரம்

கம்பெனி பொருத்திய உயரமே சரியான உயரம். உயரம் கூடினால் ரப்பர் சீக்கிரம் தொட்டு, வண்டி தூக்கிப் போடும். சேஸில் அந்த ஓரிடத்திலேயே அடி விழும். உயரம் குறைந்தால் ரப்பர் தடுப்பதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் அடிமுட்டிக் கெட்டுவிடும். கடைக்குப் போகும்போது பழைய ரப்பரையும், சேஸ் எண்ணையும் கொண்டு செல்லுங்கள். உயரம், அடித்தகட்டின் அகலம், போல்ட் துளைகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வாங்கவும். பழையது தேய்ந்திருந்தால் அதன் உயரத்தை நம்ப வேண்டாம்.

எந்தப் பொருள்?

கெட்டி ரப்பர், நுண்ணறை பாலியூரித்தேன் என இரு வகைகள் உண்டு. கெட்டி ரப்பர் அமுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்கும். ஆகவே சுற்றிலும் இடம் விட வேண்டும். டீசலும் எண்ணெயும் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெடும். வெயிலில் நாளடைவில் வெடிக்கும். நுண்ணறை வகை பஞ்சு போன்றது. உள்ளே காற்றறைகள் இருப்பதால் தன் உயரத்தில் பாதிக்கும் மேல் அமுங்கும். தொடக்கத்தில் மென்மையாகவும் போகப் போகக் கடினமாகவும் தாங்கும். ஆகவே ஒரு வகைக்குப் பதில் மற்றொரு வகையை அதே உயரத்தில் மாட்டிவிடக் கூடாது.

கடினத்தை ஷோர் ஏ என்ற அளவால் குறிப்பர். பென்சில் அழிப்பான் ஏறத்தாழ 40, டயரின் மேற்புறம் 60 முதல் 70 வரை இருக்கும். பழைய டயரை வெட்டி அடுக்கிக் கட்டுவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் டயர்த் துண்டில் நூலும் கம்பியும் இருப்பதால் வேண்டிய அளவு அமுங்காது. கட்டு அவிழ்ந்து விழவும் கூடும்.

மாட்டும் முறை

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சேஸை ஜாக்கியால் உயர்த்துங்கள். ஆக்சில் கீழே தொங்கி இடம் கிடைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. உறுதியான முட்டு கொடுத்த பிறகே செல்ல வேண்டும். இடம், வலம் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றவும். தகட்டின் துருவைச் சுரண்டி, விரிசல் உள்ளதா என்று பார்த்த பின் போல்ட்டை முடுக்குங்கள்.

மாட்டிய பின் ஆக்சிலில் ரப்பர் இடிக்கும் இடத்தில் பிசைந்த களிமண் உருண்டை ஒன்றை வைத்து, வழக்கமான பாரத்துடன் நல்ல சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மண் நசுங்காமல் இருந்தால் சரி. முற்றிலும் நசுங்கினால் ரப்பரின் உயரம் கூடுதல், அல்லது பட்டை தளர்ந்துள்ளது, அல்லது பாரம் மிகுதி என்று அறியலாம்.

பாரம் மிகுதியானால் எந்த ரப்பரும் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், மிகைப் பாரத்திற்கு 20,000 ரூபாயும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

அறுவடை தொடங்குமுன் ஒருநாள் ஒதுக்கி வண்டிக்கு அடியில் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் சந்தை நாளுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.