கிராம சபைத் தீர்மானம் வீடு கட்டுவதைத் தடுக்குமா?

கேள்வி: குந்தாரப்பள்ளியில் 2013-ல் 2,400 சதுர அடி மனை வாங்கினேன். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். கீழ்வீட்டில் நாங்கள் குடியிருந்துகொண்டு, மாடியை குருபரப்பள்ளி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு வாடகைக்கு விட எண்ணம். ‘வெளியூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு நிறுத்திவிடுவோம்’ என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அப்படிச் செய்ய முடியுமா ஐயா?
- வாசகர், குந்தாரப்பள்ளி

பதில்: முடியாது. அரசியலமைப்பின் 243-ஜி பிரிவின்படி, மாநிலச் சட்டம் கொடுத்த அதிகாரம்தான் ஊராட்சிக்கு உண்டு. எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பதை 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் தீர்மானிக்கின்றன. குடியிருப்பவர் உள்ளூரா, வெளியூரா என்று அவை கேட்பதில்லை. வரம்பு மீறிய தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. ஆனால், மாடியை அறை அறையாகப் பிரித்து விடுதி நடத்தினால் அதற்கு விதிகள் வேறு.

2024 ஜூலையில் அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ, தரையும் முதல் தளமுமோ கட்டுவதற்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்தால் உடனடியாக அனுமதி கிடைக்கும். பத்திரம், பட்டா, வரைபடம் தேவை. தகவல் பொய்யானால் அனுமதி ரத்தாகும்.

உங்களுக்குச் சிக்கல் அக்கம்பக்கத்தாரால் அல்ல, மனையால்தான் வரக்கூடும். நீங்கள் அனுப்பிய மனைப்பிரிவு வரைபட நகலின் அடியில் ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் வட்ட முத்திரையும் உள்ளன. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் இல்லை. அந்தத் துறையின் ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சிக்கு அதிகாரம் கிடையாது. பத்திரம் பதிவாகியிருப்பதாலேயே அது அங்கீகரிக்கப்பட்ட மனை ஆகிவிடாது. இத்தகைய மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017-ல், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகள் அவற்றின்கீழ் வரும், உங்களுடையதும் அப்படித்தான்.

ஆகவே, முதலில் உங்கள் மனைப்பிரிவுக்கு வரன்முறை ஆணை உள்ளதா என்று கிருஷ்ணகிரி மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் உங்கள் மனைக்கு ஆணை பெறும் வழியை அங்கேயே கேட்டு, எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்த ஆணை கைக்கு வருமுன் கடைக்கால் தோண்டாதீர்கள்.