கல்லில் எழுதிய பெயர்கள்

தமிழில் கோல் என்பது குச்சியைக் குறிக்கும். இந்தியில் கோல் என்றால் வட்டம். புது தில்லி உருவான காலத்தில், 1921ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வட்டச் சந்தையே கோல் மார்க்கெட். அரசுப் பணியின் பொருட்டு வந்த தமிழர் பலர் அதன் சுற்றுப்புறத்தில் குடியேறினர். அங்கிருந்து ராமகிருஷ்ணா ஆசிரம மார்க் நிலையத்தில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறினால் காஷ்மீரி கேட்டை அடையலாம். நிலையத்தின் அருகே நிக்கல்சன் கல்லறைத் தோட்டம் உள்ளது.

1857ஆம் ஆண்டுப் போரில் இறந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜான் நிக்கல்சன் அங்கு அடக்கம் செய்யப்பட்டார். ஆயினும், காண்போரின் நெஞ்சைத் தொடுவது அவருடைய கல்லறை அன்று. அங்குள்ள குழந்தைகளின் கல்லறைகளே ஆகும்.

அங்கு அடக்கம் செய்யப்பட்டோரின் உறவினர் வழிவந்தோர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். முன்னோரைப் பற்றி அறிய விரும்பினும், அவர்களுள் பலரால் இவ்வளவு தொலைவு வர இயலாது. அவர்கள் பொருட்டு உள்ளூர்த் தன்னார்வலர்கள் கல்லைத் தேடிப் படமெடுத்து அனுப்புகின்றனர். இதற்கு ஊதியம் இல்லை. ஒளிப்படம் பரவலாகாத காலத்தில் இதே பணி எழுத்தால் நடந்தது. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே. ஜே. காட்டன் என்னும் அதிகாரி 1905இல் நூலாக வெளியிட்டார். தெற்காசியக் கல்லறைத் தோட்டங்களைப் பேணுவதற்கென 1976இல் இங்கிலாந்தில் ஒரு சங்கமும் தோன்றியது.

இப்பணி எளிதன்று. முதலில் காப்பாளரிடம் அனுமதி பெறுதல் வேண்டும். நண்பகலில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்துகள் தெரியா. காலையிலோ மாலையிலோ கதிரொளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும். அப்போது பெயர் தானே எழுந்து நிற்கும். எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காகச் சிலர் சுண்ணக்கட்டியையும் மாவையும் தேய்க்கின்றனர். அது கல்லைக் கெடுக்கும். கம்பித் தூரிகையோ அதனினும் தீது. உதிர்ந்த இலைகளைக் கையால் அகற்றினாலே போதும். கல் முழுவதையும் ஒரு படமாகவும், எழுத்துகளை அருகிலிருந்து மற்றொரு படமாகவும் எடுத்து, கல் இருக்கும் இடத்தையும் குறித்தல் வேண்டும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தேவாலயத்தைச் சுற்றித் தளக்கற்களாகக் கிடப்பவை வேறோர் இடுகாட்டிலிருந்து பெயர்த்து வரப்பட்டவை. கல்லும் இடம் பெயரும்!

இறந்தோர் பெயரைக் கல்லில் பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. வீரர்க்கு நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியமே கூறுகிறது. சென்னைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலக் கற்களோடு தமிழ்க் கற்களும் உள்ளன. தமிழ் அறியாத ஒருவர் அக்கல்லைப் படமெடுக்கலாம்; அதிலுள்ள பெயரை எழுதி அனுப்ப இயலாது. அவருக்கு அது வெறும் கோடுகள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து, தமிழ் எழுத்தை மறந்த பேரனுக்கும் அப்படியே. படத்தைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, அது யாருடைய பெயர் என்று கூற ஒருவர் வேண்டும். பத்து வயதுச் சிறுமியாயினும் போதும். அவள் தில்லியில் இருப்பினும் போதும்.

அருஞ்சொற்பொருள்
வழிவந்தோர் – பின் தலைமுறையினர்
வாசகம் – எழுதப்பட்ட தொடர்
பொறித்தல் – செதுக்கி எழுதுதல்
தீது – தீமை

பயிற்சி
1. நண்பகலில் கல்லைப் படமெடுக்கலாகாது, ஏன்?
2. ‘கல்லும் இடம் பெயரும்’ – பாடத்தின் வழி விளக்குக.
3. பாட்டன், பூட்டன் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக.