விதியைச் சொன்னால் விடை வரும்

என் தமக்கையார் ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஒரு வாரம் இரவு ஷிப்டு முடிந்த கையோடு காலை ஷிப்டும் அவர் பெயரிலேயே விழுந்திருந்தது. பட்டியல் எழுதிய மூத்த செவிலியரைக் கேட்டதற்கு, “வேண்டுமென்றா செய்தேன்? எப்படிப் போட்டாலும் இடிக்கிறதம்மா” என்றாராம். குற்றம் யாருடையது? என் கணிப்பொறிப் பாடத்தில் இதற்கு விடை கிடைத்தது.

பொதுவாக நாம் கணிப்பொறிக்கு ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று வழி சொல்லித் தருகிறோம். தருக்கவழி நிரலில் வழியைச் சொல்வதில்லை; எது வேண்டும், எது கூடாது என்று மட்டுமே சொல்கிறோம். தேடுவது பொறியின் வேலை. இவ்வகையில் புகழ்பெற்ற மொழி புரோலாக். 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் அலேன் கோல்மெரோயரும் பிலிப் ரூசெலும் அதனை உருவாக்கினர். அதன் தருக்க அடிப்படையை வகுத்ததில் எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சிறிய வார்டு. நாளொன்றுக்குக் காலை, மாலை, இரவு என மூன்று ஷிப்டு, ஷிப்டுக்கு ஒருவர், செவிலியர் நால்வர். நாம் எழுத வேண்டிய விதிகள் மூன்றே:

1. ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு ஷிப்டுக்கு மேல் இல்லை.
2. இரவு பார்த்தவருக்கு மறுநாள் காலை இல்லை.
3. வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு உண்டு.

முதல் விதிப்படி ஒரு நாளைப் பங்கிட 4 × 3 × 2 = 24 வழிகள். ஏழு நாளுக்கு 24ஐ ஏழு முறை பெருக்கினால் 458 கோடிக்கு மேற்பட்ட பட்டியல்கள்! புரோலாக் ஒவ்வோர் இடமாகப் பெயரை நிரப்பிச் செல்லும். விதி இடித்தால் கடைசி முடிவுக்குத் திரும்பி வேறு பெயரை வைத்துப் பார்க்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பட்டியல் முழுவதையும் நிரப்பிய பின் சோதித்தால் காலம் வீணாகும். திங்கள் இரவும் செவ்வாய்க் காலையும் இடித்த இடத்திலேயே திரும்பினால், அவ்வாறு தொடங்கும் நான்கு கோடிக்கு மேற்பட்ட பட்டியல்கள் ஒரே வெட்டில் கழிந்துவிடும்.

காலை, மாலை, இரவு, ஓய்வு என்று நால்வரும் ஒவ்வொரு நாள் தள்ளிச் சுழன்றால் மூன்று விதிகளும் நிறைவேறும். ஆகவே விடை உண்டு. ஒருவர் நீண்ட விடுப்பில் சென்றால்? வாரத்தில் 21 ஷிப்டு. மூவரும் ஆளுக்கு ஆறு நாள் வந்தாலும் 18தான். பொறி எல்லா வழிகளையும் தேடி ‘இல்லை’ என்கிறது. அந்த ‘இல்லை’ தோல்வியன்று, ஒரு மெய்ப்பிப்பு. முப்பது பேரும் இருபது விதிகளும் உள்ள இடத்தில் இதை விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. அங்கேதான் பொறியின் பயன் விளங்கும்.

தமக்கையாரின் வார்டிலும் அவ்வாரம் மூவரே இருந்தனர். கணக்கைக் காட்டினேன். சற்றுப் பேசாமலிருந்து, “அப்படியானால் அந்த அம்மாளைக் கோபித்துப் பயனில்லை, ஆள்தான் கேட்க வேண்டும்” என்றார்.

மாணவ நண்பர்களே! பொறிக்கு இரக்கம் தெரியாது. ஓய்வு வேண்டுமென்று நாம் எழுதினால்தான் அது ஓய்வு தரும். விடை தேடுவதைப் பொறியிடம் விடலாம். விதி எழுதும் பொறுப்பு என்றும் நம்முடையதே.