மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல வீடு: எவ்வளவு கூடுதலா கொடுக்கலாம்?

"மெட்ரோ வரப்போகுது சார், இப்பவே புக் பண்ணிடுங்க." சென்னையில வீடு தேடுற எல்லாரும் இதைக் கேட்டிருப்பீங்க. இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கி.மீ., திட்ட மதிப்பு 63,246 கோடி ரூபாய். மாதவரத்துல இருந்து சிறுசேரி வரைக்கும் பில்டர் விளம்பரங்கள்ல ரயில் படம் இல்லாம இருக்காது.

ஸ்டேஷனைச் சுத்தி வளர்ற ஒரு ஏரியா பொருளாதார ரீதியா நிலைக்குமா? மனை விலை ஏறுதுங்கறதை மட்டும் வச்சு அதைச் சொல்ல முடியாது. அங்க குடியிருக்கிறவரோட வீட்டுச் செலவையும் பயணச் செலவையும் சேர்த்துப் பார்க்கணும். சிகாகோவில இருக்கிற ஒரு ஆய்வு மையம் இதுக்கு ஒரு அளவுகோல் வச்சிருக்கு: ரெண்டும் சேர்ந்து வருமானத்துல 45%க்குள்ள இருக்கணும். அது அமெரிக்கக் குடும்பங்களுக்கான எல்லை. ஆனா கூட்டிப் பார்க்கிற முறை நமக்கும் பொருந்தும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கைக்கு வர்ற சம்பளம் 60,000. புறநகர்ல வாடகை 11,000. தினமும் பைக்ல 50 கி.மீ., மாசம் 24 நாள். பெட்ரோல் 2,700, பைக் இ.எம்.ஐ. 3,500, சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் 1,000. மொத்தம் 18,200, அதாவது சம்பளத்துல 30%.

ஸ்டேஷன் பக்கத்துல வாடகை 15,000. ஒரு தடவைக்கு 40 ரூபாய் டிக்கெட், டிஜிட்டல் டிக்கெட்டுக்கு 20% தள்ளுபடி போக மாசம் சுமார் 1,500. மொத்தம் 16,500. வாடகை 4,000 கூடியும் மாசம் 1,700 மிச்சம்!

இதுல ஒரு கண்டிஷன் இருக்கு. பைக்கை விட்டாத்தான் இந்த மிச்சம். ஸ்டேஷனுக்குப் போகவே பைக் வேணும்னா, அதோட இ.எம்.ஐ.யும் பராமரிப்பும் சேர்ந்து 21,000 ஆயிடும். புறநகர் வீடே தேவலாம்!

சரி, வாடகைக்கு இல்லாம சொந்தமா வாங்கினா? புறநகர் ஃபிளாட் 45 லட்சம், ஸ்டேஷன் பக்கத்து ஃபிளாட் 57 லட்சம்னு வைங்க. கூடுதல் 12 லட்சத்துக்கு 8.5% வட்டி, 20 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 10,400. பயணத்துல மிச்சமாகிறது 5,700தான். அந்த 5,700 தாங்குற கடன் ஆறரை லட்சம். அதுக்கு மேல கேட்கிற ஒவ்வொரு ரூபாயும் நாளைக்கு விலை ஏறும்ங்கிற நம்பிக்கைக்குக் கொடுக்கிற காசு. புது வரி முறையில இருக்கிறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும்: நீங்களே குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்கு அதுல கழிவு கிடையாது.

ஏரியாவோட கணக்கும் இதோட சேர்ந்ததுதான். விலை ரொம்ப ஏறினா, தினமும் ரயில்ல போறவங்க தள்ளிப் போயிடுவாங்க, கார் வச்சிருக்கிறவங்க வந்துடுவாங்க. ஸ்டேஷன் இருக்கும், பயணிகள் குறைவாத்தான் இருப்பாங்க. ஹாங்காங்ல ரயில் நிறுவனமான எம்.டி.ஆர்., ஸ்டேஷன் நிலத்தோட கட்டுமான உரிமையை ரயில் வர்றதுக்கு முந்தைய விலையில அரசுகிட்ட வாங்கி, பில்டர்களோட லாபத்தைப் பகிர்ந்துக்குது. விலை ஏற்றத்துல ஒரு பங்கு ரயிலுக்கே திரும்பி வருது. நம்ம ஊர்ல அதுல பெரும்பகுதி நிலம் வச்சிருந்தவருக்கே போகுது. உங்க ஹோம் லோன்தான் அதுக்குப் பணம் கட்டுது.

விளம்பரத்துல "ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்"னு இருந்தா, காலையில எட்டரை மணிக்கு ஃபிளாட் கேட்ல இருந்து பிளாட்ஃபார்ம் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க. 15 நிமிஷத்தைத் தாண்டினா, பைக் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. இதோட எக்செல் ஷீட் இந்த வார வீடியோவுக்குக் கீழ இருக்கு, உங்க எண்களை மாத்திப் போட்டுக்கலாம்.