கான்டெஸாவுக்குப் புது ஆர்ம் தேடும் தம்பிகளுக்கு

அமெரிக்க மஸ்டாங், ஷெவெல் வண்டிகளில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பளபளப்பான பைப் கன்ட்ரோல் ஆர்மைப் பார்த்துவிட்டு, “நம்ம கான்டெஸாவுக்கும் போடலாமாண்ணே?” என்று கேட்கிற பிள்ளைகள் திருச்சியில் இப்போது கூடிவிட்டார்கள். கான்டெஸா, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை உத்தர்பாராவில் செய்த வண்டி. முன்பக்கம் இரட்டை விஷ்போன், காயில் ஸ்பிரிங். ஆசைப்படத் தகுந்த வண்டிதான். செலவழிக்கும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் பழைய ஆர்மைச் சோதியுங்கள். காவிரிப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால், பெரும்பாலும் தேய்ந்தது ரப்பர் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோதான். ஆர்ம் நன்றாகவே இருக்கும். ஆர்மைக் கழற்றி, துரு நீக்கி, இடது வலது இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். பிறகு டிபி டெஸ்ட் செய்யுங்கள். பாய்லர் வேலை நடக்கும் ஊர் இது, அந்தச் சோதனை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் மயிரிழை போலச் சிவப்புக் கோடு எழும்பி வரும். கோடு வந்த ஆர்மை வெல்டு வைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

2. எதற்காக மாற்றுகிறோம் என்பது அலைன்மென்ட் தாளில் எண்ணாகத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் இந்த ஆர்ம்கள் விற்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கால வண்டிகளின் அளவுகள் பழைய கிராஸ்-பிளை டயருக்காக வைத்தவை. ரேடியல் டயருக்குக் கேஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், கூடுதலாக இருந்தால் வண்டி நெடுஞ்சாலையில் நேராக ஓடும். அந்தக் கோணத்தைத்தான் அங்கே ஆர்மிலேயே வைத்துச் செய்கிறார்கள். 1965 ஷெல்பி மஸ்டாங்கில் மேல் ஆர்மின் பிடிமானத்தை ஒரு அங்குலம் கீழே இறக்கினார்கள். வளைவில் அதன் பலன் கிடைத்தது. அளவும் கோணமும்தான் விஷயம். ஒரிஜினல் ஆர்மிலேயே கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) கேஸ்டரும் சரியாக நின்றால் உங்களுக்குப் புதுசு தேவையில்லை.

3. கான்டெஸாவுக்கென்று கடையில் ரெடிமேட் பைப் ஆர்ம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வண்டிக்கு மூல மாடல் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்.இ., 1972-ல் வந்தது. அங்கிருந்து வரவழைத்தாலும் பழையதோடு அளவு ஒப்பிட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் இங்கேயே செய்ய வேண்டும்.

துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் தேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வெல்டு எவ்வளவு அழகாக விழுந்தாலும், ஜிக் இல்லாமல் செய்த ஆர்ம் சூட்டில் இழுத்துக்கொண்டு கோணிவிடும். வளைந்த பழைய ஆர்மை மாதிரியாகக் கொடுத்தால் வளைவும் சேர்ந்தே நகலாகும். மிச்சம் விழுந்த பாய்லர் டியூபில் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் குழாய் அழுத்தமும் சூடும் தாங்கப் பிறந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் குத்து வாங்குகிற வேலைக்கு எந்த இரும்பு, எத்தனை மில்லி கனம் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் வெல்டைப் பாருங்கள். பவுடர் கோட்டிங்குக்கு அடியில் எல்லாக் குறையும் ஒளிந்துகொள்ளும்.

4. பால் ஜாயின்ட்டின் கூம்புத் தண்டு ஸ்டியரிங் நக்கிளில் முழுசாக உட்கார வேண்டும். நீலச் சாயம் தடவி, மாட்டி, கழற்றிப் பாருங்கள். சுற்றிலும் சாயம் ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் வளையமாக ஒட்டியிருந்தால் அது வேறு வண்டியின் ஜாயின்ட். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தண்டு ஒரு நாள் முறியும்.

5. புஷ் ரப்பரே போதும். பாலியூரித்தேன் கிரீஸ் காய்ந்தால் கத்தும். பந்தயக் கார்களின் ராடு எண்ட் நம் ஊர்ப் புழுதிக்குத் தாங்காது. ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கவே கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

6. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஆர்மைக் கழற்றாதீர்கள். அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும்.

7. மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உடனே அலைன்மென்ட். முதல் ஓட்டம் விடியற்காலை ஸ்ரீரங்கம் உத்தர வீதிகளில் மெதுவாக, பிறகு பாலம். சென்னை நெடுஞ்சாலை அதற்கப்புறம்தான். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள்.

8. பழைய ஆர்மைக் காயலான் கடையில் போடாதீர்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, பதிவாகி 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. முதல் கான்டெஸாக்களுக்கு அந்தத் தகுதி 2034-ல் வரும். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, இடது வலது எழுதி வையுங்கள்.