ஆடிக்கு முன்னால் வரும் டெஸ்ட்

விளம்பர ஏஜென்சிகளில் வேலை தேடியவர்களுக்கு இந்த மெயில் பழக்கமானது: "உங்கள் போர்ட்ஃபோலியோ பிடித்திருக்கிறது. ஒரு சின்ன டெஸ்ட் மட்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்." சென்னையில் காப்பிரைட்டர் வேலைக்கு அலைந்த காலத்தில் நான் கவனித்தது, ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் நெருங்கும்போது இந்தச் சின்ன டெஸ்டுகள் பெருகும். ஏஜென்சிகளுக்கு வேலை குவியும் சமயமும் அதுதான்.

ஒரு ஏஜென்சி, நகைக்கடை ஒன்றின் அட்சய திருதியை சோஷியல் மீடியா கேலண்டரையே கேட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐடியா, தமிழிலும் ஆங்கிலத்திலும் கேப்ஷன், ரீல்ஸுக்கு ஸ்கிரிப்ட். கடையின் பெயர் நிஜப் பெயர். அனுப்பினேன், பதில் இல்லை. திருதியை வாரத்தில் என் வரி ஒன்று, ஒரே ஒரு சொல் மாறி, அந்தக் கடையின் பக்கத்தில் வந்திருந்தது. போன் செய்து கேட்டதற்கு, "இந்த மாதிரி ஐடியா எல்லாருக்கும் வரும்மா" என்றார் மேனேஜர். கோபம் வந்தது. ஆனாலும் அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. அட்சய திருதியைக்குத் தங்கத்தைப் பற்றி எத்தனை விதமாகத்தான் எழுத முடியும்?

அதன் பிறகுதான் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்குவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம் என்கிறது 17-ஆம் பிரிவு. விண்ணப்பித்தவர் ஊழியர் இல்லையே. அவர் செய்தது அவருக்கே. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. (ஆகவே டெஸ்டுக்கு முன் ஏதாவது படிவத்தை நீட்டினால் பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள்.)

இவ்வளவு கேட்டதும் தெம்பாக இருக்கும். ஆனால் சட்டம் காப்பாற்றுவது ஐடியாவை அல்ல, அதற்கு நீங்கள் கொடுத்த வடிவத்தை. தன் நாடகத்தின் கதையைச் சினிமாவாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் இதைத்தான் சொன்னது, ஆனந்த் தோற்றார். முழு நாடகத்துக்கே அந்தக் கதி என்றால் நாலு சொல் கேப்ஷனை வைத்துக்கொண்டு யாரும் கோர்ட் படி ஏறப்போவதில்லை.

அதனால் என் வழக்கம் மாறியது. பத்து ஐடியா கேட்டால் இரண்டு கொடுப்பேன். அந்த இரண்டையும் தலைப்பு, உடல்வரி, காட்சி என்று முழுசாகச் செய்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு பத்தியும் சேர்ப்பேன். திறமையைப் பார்க்க நினைப்பவருக்கு அது போதும். இரண்டு போதாது, பத்தும் வேண்டும் என்பவருக்குத் தேவை சரக்கு. டிசைனர் நண்பர்கள் பி.எஸ்.டி., ஏ.ஐ. போன்ற, எடிட் செய்யக்கூடிய மூல ஃபைல்களைத் தருவதே இல்லை. பெயர் பொறித்த, குறைந்த ரெசொல்யூஷன் பி.டி.எஃப். மட்டும்தான். எடிட் செய்யும் ஃபைல் எதற்கு என்று கேட்டால் நல்ல பதில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. மெயிலின் அடியில் ஒரு வரி: "இது தேர்வுக்காக மட்டும்; வேறு எதற்கும் பயன்படுத்த என் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை."

ஆரம்பிக்கும் முன்பே கேட்க வேண்டியவையும் உண்டு. இது இப்போது உங்களிடம் இருக்கும் கிளையன்டா? இந்தக் கட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்? யார் பார்ப்பார்? "மேடம், கற்பனை பிராண்டுக்குச் செய்து தரட்டுமா? இல்லையென்றால் ஆபீஸுக்கே வந்து ஒரு மணி நேரத்தில் எழுதிக் காட்டுகிறேன்" என்று தணிந்தே கேட்கலாம். நிஜமாக ஆள் தேடுபவர்கள் இதற்கு ஒத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

டெஸ்டே செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கல்லூரி முடித்து, போர்ட்ஃபோலியோவில் வகுப்பு வேலை மட்டுமே வைத்திருக்கும் பிள்ளையிடம் அந்த வீம்பு பேசுவது எளிது. வாடகையை அவரல்லவா கட்ட வேண்டும். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை என்றால் செய்துவிடலாம். வார இறுதி முழுவதையும் விழுங்கும் என்றால் காசு கேட்பதில் தப்பில்லை. வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் விண்ணப்பித்தவர்களுக்கு மணிக்கு 25 டாலர் கொடுத்துச் சோதனைப் பணி செய்ய வைத்திருக்கிறது.

இப்போது நானே ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். கடைசிச் சுற்றுக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு தொகை தர வேண்டும் என்றதும் அக்கவுன்ட்ஸில் முகம் சுளித்தார்கள். வேலைக்கே சேராத ஆளுக்கு எந்தத் தலைப்பில் பில் போடுவது என்று கேட்டார்கள். ஆட்சேர்ப்புச் செலவு என்றேன். ஜாப் போர்ட்டலுக்குக் கட்டும் பணம் அந்தத் தலைப்பில்தானே போகிறது!