போலோ ஆடிய மங்கையர்

குதிரைமேல் அமர்ந்து, நீண்ட கோலால் பந்தை அடித்து, எதிர்க் கட்சியாரின் இலக்குக் கம்பங்களுக்கிடையே செலுத்தும் விளையாட்டே போலோ. அரசர்களும் படைவீரர்களும் ஆடிய ஆட்டம் என்றே இதனை நாம் எண்ணுகிறோம். ஆனால், உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் போலோவைக் காட்டும் கலைப்பொருள்களை உற்று நோக்கினால், குதிரைமேல் பெண்களும் இருப்பதைக் காண்கிறோம். இது கலைஞரின் கற்பனையா, நடந்த உண்மையா? சான்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பாரசீகச் சிற்றோவியங்கள்

12-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நிஜாமி, மன்னர் குஸ்ராவ், இளவரசி ஷீரின் ஆகியோரின் காதலைக் காவியமாகப் பாடினார். அதில் மன்னரும் தோழரும் ஒரு கட்சியாகவும், ஷீரினும் தோழியரும் மறு கட்சியாகவும் நின்று போலோ ஆடுகின்றனர். இக்காட்சியைப் பாரசீக ஓவியர்கள் ஏட்டுச் சுவடிகளில் வண்ணங்களால் தீட்டினர். பாரசீகர் இவ்வாட்டத்தின்மீது கொண்ட பற்றுக்கு இஸ்பகான் நகரமே சாட்சி. மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் அமைத்த பெரிய சதுக்கத்தில் போலோவுக்கென நாட்டிய கல் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன.

எனினும், ஷீரின் காவியத் தலைவி. காவியத்துக்குத் தீட்டிய ஓவியத்தை மட்டும் கொண்டு பெண்கள் உண்மையில் ஆடினர் என்று நாம் முடிவு கட்டலாகாது. ஆகவே சீன நாட்டிற்குச் செல்வோம்.

சுடுமண் பாவைகள்

கி.பி. 618 முதல் 907 வரை சீனாவை ஆண்டது தாங் அரச மரபு. இறந்தவருக்கு மறுமையிலும் இவ்வுலக இன்பங்கள் வேண்டும் என்று நம்பிய அக்கால மக்கள், அன்றாட வாழ்வைக் காட்டும் மண் பாவைகளைக் கல்லறைகளில் வைத்தனர். 706-இல் கட்டப்பெற்ற இளவரசர் லீ ஷியானின் கல்லறைச் சுவரில், இருபதுக்கும் மேற்பட்ட குதிரைவீரர்களைக் கொண்ட போலோக் காட்சி தீட்டப்பட்டிருந்தது. 1971-இல் அகழ்வு தொடங்கி வெளிப்பட்ட அவ்வோவியத்தை இப்போது சியான் நகரின் ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகம் பேணி வருகிறது.

அதே காலத்துப் போலோப் பாவைகளுள் பல, பெண்களின் உருவங்கள். பாரிஸ் நகரின் கீமே அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் இவற்றைக் காணலாம். குதிரை நாலுகால் பாய்ச்சலில் பறக்கிறது. முடிச்சிட்ட கூந்தலுடன் மங்கை பக்கவாட்டில் சாய்ந்து கையை ஓங்குகிறாள். மரத்தால் ஆகியிருந்த கோல் மக்கி மறைந்துவிட்டது. அதைப் பற்றிய கையின் வேகம் மட்டும் மண்ணில் நிலைத்திருக்கிறது. அஞ்சி அமர்ந்திருப்பவளின் தோற்றம் அன்று அது. ஆட்டத்தில் ஆழ்ந்திருப்பவளின் தோற்றம். இத்தகைய ஆட்டத்தை நேரில் கண்ட கைகளே இப்பாவைகளை வனைந்திருக்க வேண்டும்.

கழுதைகள் தந்த சான்று

மூன்றாவது சான்று எலும்பிலிருந்து கிடைத்தது. 878-இல் மறைந்த சூயி ஷி என்னும் உயர்குடிப் பெண்ணின் கல்லறையைச் சியான் நகரில் 2012-இல் தொல்லியல் அறிஞர்கள் அகழ்ந்தனர். உள்ளே கழுதைகளின் எலும்புகள் கிடந்தன. சுமை சுமக்கும் விலங்குக்குச் சீமாட்டியின் கல்லறையில் என்ன வேலை?

குதிரைப் போலோ ஆபத்து நிறைந்தது. ஆதலால் பெண்கள் கழுதைமேல் ஏறியும் ஆடினர் என்று பழைய ஏடுகள் கூறும். சூயி ஷியின் கணவரோ, போலோத் திறமையால் பேரரசரிடம் தளபதிப் பதவி பெற்றவர். அறிஞர்கள் அக்கழுதைகளின் கால் எலும்புகளைச் சோதித்தனர். நேர்வழியில் மெல்ல நடந்து சுமை தூக்கிய விலங்கின் எலும்பாக அவை இல்லை. அடிக்கடி ஓடியும் சட்டெனத் திரும்பியும் பழகிய விலங்கின் எலும்பாக இருந்தன. 2020-இல் வெளியான இந்த ஆய்வு, சூயி ஷி மறுமையிலும் போலோ ஆடுவதற்கென்றே அக்கழுதைகள் உடன் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறது. ஏடும் பாவையும் எலும்பும் ஒரே திசையைக் காட்டும்போது, மங்கையர் ஆடினர் என்று நாம் ஏற்பதில் தவறில்லை.

பின்னர் நேர்ந்தது

காலப்போக்கில் சீனாவில் இவ்வாட்டம் வழக்கொழிந்தது. இன்று உலகெங்கும் ஆடப்படும் போலோ, நம் நாட்டு மணிப்பூரின் 'சகோல் காங்ஜெய்' ஆட்டத்திலிருந்து ஆங்கிலேயர் கற்றுப் பரப்பியது. அவர்கள் 1859-இல் சில்சாரில் போலோ சங்கம் அமைத்தனர். புதிய சங்கங்களில் பெண்களுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் சூ சாலி ஹேல் என்னும் வீராங்கனை, கூந்தலைத் தலைக்கவசத்துள் மறைத்து, மையால் மீசை வரைந்து, 'ஏ. ஜோன்ஸ்' என்ற பெயரில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆடினார். 1972-இல்தான் அந்நாட்டுப் போலோ சங்கம் அவரைப் பெண்ணாகவே உறுப்பினராக ஏற்றது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தாங் நாட்டு மங்கை மறைக்காத முகத்தை இவர் மறைக்க வேண்டியிருந்தது!

மணிப்பூரில் 2016-இல் பெண்களுக்கென்றே போலோப் போட்டி தொடங்கப்பெற்றது. போலோ பிறந்த மண்ணில் பெண்கள் கோல் ஏந்துவதைப் புதுமை என்று சிலர் கூறக்கூடும். அருங்காட்சியகத்துச் சுடுமண் பாவையைக் கண்டவர் அவ்வாறு கூறார்.

மாணவியரே, "இது பெண்களுக்கு வழக்கமில்லை" என்ற சொல்லைக் கேட்கும்போது, எந்தக் காலத்து வழக்கம், எந்த நாட்டு வழக்கம் என்று பணிவுடன் வினவுவோம். விடை தேடி ஏடுகளைப் புரட்டுவோம், அருங்காட்சியகங்களுக்குச் செல்வோம். அங்குள்ள கலைப்பொருள்களைப் பார்த்துக் கடந்து செல்லாமல், நின்று, உற்று நோக்கி, கேள்வி கேட்கப் பழகுவோம்.